பி மைனரும் முப்பத்தொரு வருட இருமலும்

ஹிலோ,
ஹவாய்,
11 மே 1987

அன்புள்ள வயலட் அக்காவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு பி மைனர் வாசிக்கத் தெரியாது.

சுமாராகத் தெரியும், அவ்வப்போது தப்பும் என்று நீயாக எனக்குச் சலுகை கொடுத்துவிடாதே. தெரியவே தெரியாது. அப்பாவின் பாட்டில் நாலு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டிய அந்த கார்டு வருகிற போதெல்லாம், முப்பத்தொரு வருடமாக, கித்தாரின் குட்டித் தம்பியான இந்த உகுலேலேயின் நாலு கம்பியையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ‘சக்’கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு இருமல் இருமியிருக்கிறேன். ஹிலோ மழைக்கு இருமாதவன் யார்? ஒருவரும் சந்தேகப்படவில்லை. சபையில் ஒரு புண்ணியவான் நெஞ்சுக்குத் தடவத் தைலமே வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் தடவிக்கொண்டேன்.

ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனை நீ எடுப்பதே இல்லை, எடுத்தாலும் டொக்கென்று வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பாய்தான். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். வம்பு கேட்கிற ஆசை உனக்கு ஐம்பத்தெட்டு வயதில் குறைந்துவிட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

விஷயம் இதுதான். பைரனின் மகள் நோஹேயாவுக்கு ஆகஸ்ட் பதினைந்தில் ஒரு வயது முடிகிறது. படகுச் சங்கத்து மண்டபத்தில் முந்நூறு பேருக்கு விருந்து. பன்றிக்குச் சொல்லியாகிவிட்டது, அதைப் புதைத்துச் சுடக் குழி வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பைரன் வந்து, “அப்பா, தாத்தா பாட்ட நீங்கதான் வாசிக்கணும். தனியா. வயலட் அத்தையும் ஊர்ல இல்ல, வேற யார் இருக்கா?” என்றான். “அதுக்கென்னடா, வாசிச்சாப் போச்சு” என்று சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் முதல் பிறந்தநாளுக்கென்று அப்பா கட்டிய பாட்டை உனக்கே விளக்க வேண்டியதில்லை. மொத்தப் பாட்டிலும் ஒரே ஒரு மைனர். அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்? எந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்தில் பாடினாலும், அந்தக் குழந்தையின் பெயர் வருகிற இடத்தில். பெயர் நாலு தடவை வருகிறது. ஆக, என் சொந்த மகனின் முதல் பிறந்தநாளில், அவன் பெயர் மேல் நாலு தடவை இருமிய தகப்பன் நான். நீ பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் உகுலேலேயில் கணீரென்று வாசித்ததால் அன்றைக்குப் பெயர் பிழைத்தது. இப்போது நீ இல்லை. என் பேத்தியின் பெயரையாவது இருமாமல் பாடிவிட்டுச் சாக ஆசை.

எழுத்தில் சொல்லிக்கொடு. வரச் சொல்லிக் கேட்கவில்லை. போன வருடம் ஜனவரியில் விமான நிலையத்தில் நடந்ததற்குப் பிறகு கேட்கிற முகம் எனக்கு இல்லை.

அப்பாவின் உகுலேலே எப்படி இருக்கிறது? சும்மா கேட்டேன்.

உன் தம்பி,
வில்பர்ட்

*

லாஸ் வேகாஸ்,
18 மே 1987

வில்பர்ட்,

‘அன்புள்ள’ என்று எழுதப் போனேன். பேனா நின்றுவிட்டது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் காலுக்குக் கீழே கொடுத்திருக்கிறேன். இப்போது ஆடவில்லை.

நீ ஒப்புக்கொண்டது ரகசியம் என்று உனக்கு மட்டும்தான் நினைப்பு. முப்பத்தொரு வருடமாக என் இடது காதில்தான் இருமினாய். அந்தக் காது இப்போது மந்தம். டாக்டர் காரணம் கேட்டார். தம்பி என்றேன்.

விமான நிலையத்தில் ‘நடந்தது’ என்று எழுதுகிறாய். மழை பெய்தது மாதிரி தானாக நடந்ததா? நாற்பது சொந்தக்காரர்கள் மாலையோடு நிற்கிறார்கள். நான் அப்பாவின் உகுலேலேயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுகிறேன். நீ வந்து என் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, “அந்தப் பாலைவனத்துல இது ஆறு மாசம் தாங்காது. வெடிச்சிடும்” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். அதனால்தான் உன் மாலையைக் கழற்றிச் சிகரெட் சாம்பல் தொட்டிக்குப் போட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் தொட்டியையே தூக்கி உனக்குப் போட்டிருப்பேன்.

இப்போது பாடம். ஆள்காட்டி விரலை இரண்டாவது கட்டத்தில் குறுக்கே படுக்க வை. கீழே உள்ள மூன்று கம்பியும் அதன் அடியில் வரவேண்டும். மோதிர விரல் நாலாவது கட்டத்தில், மேல் கம்பி மேல். கட்டை விரல் பின்னால், ஆள்காட்டிக்கு நேரே. நீ கட்டை விரலை மண்வெட்டி பிடிக்கிற மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பாய், பார்த்திருக்கிறேன். ஆள்காட்டி படுக்க வேண்டும், தூங்கக் கூடாது. அவ்வளவுதான். குழந்தைக்கே வரும்.

என் இடது கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். எந்த விரல் எங்கே என்று குறித்திருக்கிறேன்.

உகுலேலே நன்றாக இருக்கிறது.

வயலட்

*

ஹிலோ,
29 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு (என் பேனா நிற்கவில்லை),

உன் கை வந்து சேர்ந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு ஃபுமி பால் எடுக்கப் போகும்போதெல்லாம் திடுக்கிடுகிறாள். “உங்கக்கா அறையறதுக்கு ஓங்கின மாதிரியே இருக்குங்க. லாஸ் வேகாஸ்லேர்ந்து எட்டுதே!” என்கிறாள்.

குழந்தைக்கே வரும் என்று எழுதியிருந்தாய். எந்தக் குழந்தை? முகவரி கொடு, போய்ப் பார்க்கிறேன்.

என் விரலை நினைத்துப் பார். இருபத்தெட்டு வருடமாக ரோட்டுக்குத் தார் போடுகிற கை. ஆள்காட்டியில் மேல் கணு ஒரு மேடு, கீழ்க் கணு ஒரு மேடு, நடுவில் பள்ளத்தாக்கு. படுக்க வைத்தால் ஒரு கம்பி பேசுகிறது, ஒரு கம்பி முனகுகிறது, நடுக்கம்பி பள்ளத்தாக்குக்குள் வசதியாகப் படுத்துக்கொண்டு வாயே திறப்பதில்லை. சரி என்று ஓங்கி அமுக்கி மூன்றையும் வழிக்குக் கொண்டுவந்து மோதிர விரலை எடுத்து வைக்கப் போனால், ஆள்காட்டி எழுந்து ‘அங்கே என்ன நடக்கிறது’ என்று எட்டிப் பார்க்கிறது. பெண்டாட்டி ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம் இழுக்கிற கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என் இடது கை.

தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் பின்கட்டில் உட்காருகிறேன். நேற்று பக்கத்து வீட்டு ஷிகேரு, ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, “வில்பர்ட், உங்க கோழி ஏதாச்சும் வேலியில மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, பி மைனர் பழகறேன்.”

“ஓ. நான் கம்பி வெட்டற கொறடு எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். போகிற போக்கில், “தேவைப்பட்டா சொல்லுங்க” என்று வேறு.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மேதாவித்தனமான யோசனை வந்தது. ஃபுமியின் சாப்பாட்டுக் குச்சிகளில் ஒன்றை எடுத்துப் பாதியாக ஒடித்து, ஆள்காட்டி விரலின் அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். பள்ளத்தாக்குக்குப் பாலம்! அமுக்கி மீட்டினேன். அக்கா, கோயில் மணி தோற்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அடுத்த கார்டுக்கு எப்படிப் போவது? விரல் மடங்க மாட்டேன் என்கிறது. பி மைனரிலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டியதுதான். குச்சியை அவிழ்த்துவிட்டு அடுத்த வரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்துவிடும்.

ஃபுமி பார்த்துவிட்டாள். “அது எங்கம்மா குடுத்த ஜோடிங்க. மிச்சம் ஒத்தக் குச்சிய வச்சுக்கிட்டு நான் என்ன, காது கொடையவா?”

மூன்று நாளாக எனக்கு முள்கரண்டிதான்.

இன்னொன்று. என் உகுலேலேயில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் பூனை புகுந்து போகலாம். அப்பாவுடையதில் கம்பி தாழ்வாக இருக்கும், தொட்டாலே பேசும். அது எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே. அதைச் செய்த கோஆ மரம் வறண்ட காற்றில் கொஞ்சம் நிறம் மாறும் என்பார்கள். மாறியிருக்கிறதா?

வில்பர்ட்

*

லாஸ் வேகாஸ்,
5 ஜூன் 1987

வில்பர்ட்,

முதலில் ஒரு புது ஜோடிக் குச்சி வாங்கி ஃபுமியின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேள். அப்புறம் இந்தக் கடிதத்தைப் படி.

கேட்டாயா? சரி.

குச்சி, ஆணி, ஸ்பூன், எதையும் கட்டாதே. ரோட்டைச் சரி பண்ணுகிற புத்தியைக் கைக்குக் காட்டாதே. பள்ளம் உன் விரலில் மட்டும் இல்லை, எல்லார் விரலிலும் இருக்கிறது. விரலின் வயிற்றை வைக்காதே. கட்டை விரல் பக்கமாக லேசாகப் புரட்டு. அந்தப் பக்கம் எலும்பு இருக்கும். எலும்பால் பிடி. அமுக்காதே. முழங்கையை இடுப்புப் பக்கம் இழு, கை தானாகப் பிடித்துக்கொள்ளும். தினமும் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம். மிச்ச ஐம்பது நிமிடம் நீ தப்பைத்தான் மனப்பாடம் செய்கிறாய்.

ஹோட்டலில் சிப்பந்திகளின் சீருடைக்குப் பொத்தான் தைக்கிற இடைவேளையில் இதை எழுதுகிறேன். மனுவேல் என்னைக் கூட்டிப் போக வந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன வயலட், தம்பிக்குக் கடுதாசியா, இல்ல போலீசுல புகாரா?” என்கிறான்.

“பாடம்” என்றேன்.

“பாவம்டி அவன்” என்றான். நாற்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவனுக்கு உன் மேல்தான் பரிதாபம்.

நிறமெல்லாம் மாறவில்லை.

வயலட்

*

ஹிலோ,
24 ஜூன் 1987

அக்கா,

வந்தது. ஜூன் பதினாறு, செவ்வாய், மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு. சாப்பாட்டு நேரத்தில் ரோடு ரோலரின் மேல் உட்கார்ந்து, நீ சொன்ன மாதிரி விரலைப் புரட்டி, முழங்கையை இழுத்து, சும்மா ஒரு மீட்டு மீட்டினேன். நாலு கம்பியும் பேசின. நாலும்! சுற்றிப் பார்த்தேன். ஒரு ஜீவன் இல்லை. எல்லாரும் மழைக்குக் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். “டேய், கேட்டீங்களாடா?” என்று கத்தினேன். மேஸ்திரி தலையை நீட்டி, “வண்டிய எடுக்கச் சொல்லலையே, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு நாளாக வரவில்லை. அதே விரல், அதே புரட்டல், அதே முழங்கை. அதே ரோலர் மேல்கூட ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். வராமலே இருந்திருந்தால் எனக்கு வராது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டதே, அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபுமியை எதிரில் உட்கார வைத்து முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன். இருமாமல். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பாட்டு நல்லாத்தாங்க இருக்கு. பேர் வர்றப்ப மட்டும் ஏன் கதவச் சாத்தறீங்க?”

பைரனிடம் போய், “டேய், பேரச் சொல்லாம பாப்பானு பொதுவா வச்சுக்கலாமே, அந்த வரிய அப்படியே தாண்டிடலாம்” என்று நைசாகக் கேட்டேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “அப்பா, பேரச் சொல்றதுக்குத்தானே அந்தப் பாட்டே.”

மகன் என்னைவிடப் புத்திசாலியாகப் போனதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். அன்றைக்கு முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். இதெல்லாம் உன்னால்தான். 1956-ல் நாம் சேர்ந்து வாசித்த முதல் விருந்திலேயே நீ அந்த இடத்தில் கையை எடுத்திருந்தால், என் ‘சக்’ சத்தம் தனியாகக் கேட்டிருக்கும். ஊர் சிரித்திருக்கும். நான் ஒரு வாரம் அழுதுவிட்டுக் கற்றுக்கொண்டிருப்பேன். அப்போது என் விரலும் மெலிசு. நீ மூடி மூடி வைத்தாய். என்னை இருமலோடு வளர்த்து ஆளாக்கிவிட்டு, உகுலேலேயையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதை வைத்துக்கொண்டு அங்கே என்ன பண்ணுகிறாய்? யாருக்கு வாசிக்கிறாய்? நீதான் வரவில்லை, அதையாவது அனுப்பு. தாழ்ந்த கம்பியாக இருந்தால் எனக்கு வரும். இது கேட்பதல்ல, அது அப்பாவுடையது, எனக்கும் பங்கு உண்டு.

வில்பர்ட்

*

லாஸ் வேகாஸ்,
2 ஜூலை 1987

வில்பர்ட்,

எதை அனுப்பச் சொல்கிறாய்?

வெடித்துவிட்டது. போதுமா? நீ ஆறு மாதம் என்றாய். ஐந்து மாதம் பதினொரு நாள். ஒரு மத்தியானம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் ‘டப்’ என்று ஒரு சத்தம். மனுவேல், “யாரோ கதவத் தட்றாங்க, பாரு” என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போகவில்லை. வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்துவிட்டு, இன்னும் இரண்டு எடுத்து அதையும் நறுக்கிவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு அவ்வளவு வெங்காயம் எங்களுக்குத் தேவையே இல்லை.

முன்பலகையில், துளையிலிருந்து கீழ்வரை, நேராகக் கோடு. பத்து சென்ட் நாணயம் நுழையும்.

பெட்டிக்குள் அரை உருளைக்கிழங்கு போட்டு வைத்தால் ஈரம் நிற்கும் என்று இங்கே இருக்கிற நம்மூர்க்காரர்கள் சொன்னார்கள். வெடித்த பிறகு சொன்னார்கள்.

அதனால்தான் ஒரு வருடமாக நீ ஃபோன் பண்ணினால் எடுக்கவில்லை. அதனால்தான் விருந்துக்கும் வரமாட்டேன். மண்டபத்துக்குள் காலை வைத்ததுமே எஸ்தர் அத்தை, “எங்கடி உங்கப்பன் உகுலேலே?” என்பாள். முந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நீ சும்மா நின்றாலே போதும், எனக்குக் கேட்கும்.

1956-ல் நான் ஏன் கையை எடுக்கவில்லை என்றா கேட்கிறாய்? உன் காது சிவந்திருந்தது. இருபத்தொரு வயதுப் பையனுக்குக் காது அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. மனது வரவில்லை. தப்புத்தான்.

இதோடு பாடம் முடிந்தது.

வயலட்

*

ஹிலோ,
9 ஜூலை 1987

அன்புள்ள அக்கா,

இது நாலாவது தாள். முதல் மூன்றிலும் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். பி மைனருக்கு வராத கை இதை மட்டும் என்ன சுளுவாக எழுதுகிறது பார்.

விமான நிலையத்தில் சொன்னது என் தப்பு. நீ போகிறாய் என்று சொல்லத் தெரியாமல் மரத்தைப் பற்றிச் சொன்னேன். மாலை அந்தச் சாம்பல் தொட்டிக்கு நன்றாகத்தான் இருந்தது. உன் விமானம் கிளம்பும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வெடித்ததையே அனுப்பு. இந்த ஊரில் செருப்புக்குள் காளான் முளைக்கிறது, தபால் உறை தானாக ஒட்டிக்கொள்கிறது, ஃபுமியின் உப்பு ஜாடியில் உப்பு எடுக்க உளி வேண்டியிருக்கிறது. மரத்துக்கு மட்டும் ஈரம் ஏறாதா? கோடு ஓரளவு சேர்ந்துவிடும். சேராவிட்டால் கோடோடு வாசிக்கிறேன். கேட்பவர்களிடம் நான் கீழே போட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என்னைத் தெரிந்த யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முடிந்தால் நீயும் வா.

வில்பர்ட்

*

லாஸ் வேகாஸ்,
20 ஜூலை 1987

தம்பி,

பார்சலைக் கத்தியால் திறக்காதே. மனுவேலின் கம்பளிச் சட்டைகள் மூன்று சுற்றியிருக்கிறேன், திருப்பி அனுப்பு. உள்ளே இருக்கிற அரை உருளைக்கிழங்கைச் சமைத்துவிடாதே.

வந்ததும் நேராக வெளியே கொண்டு போகாதே. முதல் இரண்டு நாள் பெட்டியை லேசாகத் திறந்து வை. அப்புறம் சமையலறையில், அடுப்புக்குத் தள்ளி. கம்பிகளைத் தளர்த்தியிருக்கிறேன். மெதுவாக, ஒரு வாரத்தில் ஏற்று.

நான் வரவில்லை. ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மனுவேலுக்குக் கண்ணில் புரை எடுக்கிறார்கள். நல்ல வசதியான காரணம் என்று சொல்வாய். ஆமாம், வசதிதான்.

கார்டு தப்பினாலும் பெயர் தப்பக் கூடாது. பெயரை விழுங்காதே.

அக்கா

*

ஹிலோ,
17 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

மனுவேல் அத்தான் கண் எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்ததும் முதலில் உன்னைப் பார்க்க வேண்டியிருக்குமே, மனதைத் தயார்ப்படுத்தி வை.

முதலில் உகுலேலே. பன்னிரண்டாவது நாள் கோடு மூடிக்கொண்டது. விரல் நகத்தால் தடவினால்தான் தெரியும். சத்தம் அப்பாவின் சத்தம்தான், கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி. கம்பி தொட்டாலே பேசியது. கடைசி வாரத்தில் பத்துக்கு ஆறு தடவை பி மைனர் வந்தது. ஃபுமி கதவு சாத்துவதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஷிகேரு, “கோழி போயிடுச்சா?” என்று விசாரித்தார், குரலில் வருத்தத்தோடு.

சனிக்கிழமை. கூரையில் மழை. முந்நூறு பேர் என்று சொன்னோம், நானூறு பேர் வந்தார்கள். பன்றி தீர்ந்து, சாதமும் தீரப் போகிற நேரத்தில் பைரன் ஒலிபெருக்கியில், “எங்கப்பா இப்ப தாத்தா பாட்ட வாசிப்பார்” என்றான். நோஹேயாவை அவள் அம்மா என் எதிரில் பாயில் உட்கார வைத்தாள். ஒரு கையில் கேக், ஒரு காதில் கேக். என்னையே பார்க்கிறாள்.

ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரி தண்ணீர் மாதிரி போனது. பெயர் வருகிறது. விரலைப் புரட்டினேன், முழங்கையை இழுத்தேன், தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக இருமாமல் வாயைத் திறந்து “நோஹேயா” என்று பாடி, மீட்டினேன்.

அக்கா, மண்டபம் முழுக்க இருமியது.

ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. நானூறு பேரும். கிழவர்கள், சமையல்காரர்கள், வாசலில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள், மூன்று வயதுப் பொடிசுகள், எல்லாரும் ஒரே தாளத்தில் ஒரே ஒரு இருமல். கூரை அதிர்ந்தது. பயத்தில் என் விரல் எகிறிவிட்டது, இரண்டு கம்பிதான் பேசியது என்று நினைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை.

சரி, தற்செயல் என்று அடுத்த வரிக்குப் போனேன். இரண்டாவது தடவை பெயர் வந்தது. இந்தத் தடவை நாலு கம்பியும் பேசின. சத்தியமாகச் சொல்கிறேன், என் விலா எலும்பில் தெரிந்தது. ரோலர் மேல் வந்த அதே கார்டு, அதைவிட நன்றாக. மறுபடி நானூறு இருமல். ஒரு உயிர் கேட்கவில்லை. மூன்றாவது தடவை என்னை முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது தடவை நானும் இருமிவிட்டேன். தனியாள் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிப்பது? கைதட்டல் அப்போதுதான் வந்தது.

இறங்கியதும் எஸ்தர் அத்தை தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். உகுலேலேயைக் கேட்கப் போகிறாள் என்று உனக்காக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏன்டா, மூணு தடவ நீ ஏன் இருமல?”

“இருமணுமா அத்தை?”

“புள்ள பேருக்கு மரியாத குடுக்க வேண்டாமா? உங்கப்பன் வச்ச இருமல்டா அது! குழந்தை நோய்நொடி இல்லாம வளரணும்னு, அத்தன பேரும் அத வெளிய எடுத்துப் போடறது. உனக்குத்தான் அவன் சொல்லிக் குடுத்தான்னு நெனச்சேன். மறந்துட்டியா?”

“மறந்துட்டேன் அத்தை.”

“தனியா விட்டா இப்படித்தான். வயலட் இருந்திருந்தா உன்ன இரும வச்சிருப்பா.”

முப்பத்தொரு வருடமாக அவர்களும் என்னோடு இருமியிருக்கிறார்கள்; என் இருமலில் எனக்குக் கேட்டதே இல்லை, கேட்ட ஒன்றிரண்டையும் ஹிலோ மழை என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம், அக்கா. ஒரு ஜோடிக் குச்சி, ஒரு ரோலர், என் ஆள்காட்டி விரலில் காய்த்த ஒரு தழும்பு. எல்லாம், நான் பரப்பிய இருமலுக்கு நடுவில் நானே மாட்டிக்கொண்டு முழிப்பதற்கு.

ஆனால் நோஹேயா மட்டும் இருமவில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. இரண்டாவது தடவை நாலு கம்பியும் பேசினபோது என் கையைப் பார்த்தாள். அவள் கேட்டிருப்பாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

சட்டைகளைத் துவைத்து அனுப்புகிறேன், காய்ந்தால். உகுலேலே இங்கேயே இருக்கட்டும். நீ வரும்போது வாசி.

வில்பர்ட்

*

லாஸ் வேகாஸ்,
25 ஆகஸ்ட் 1987

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை மனுவேலுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணில் கட்டு, சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “நிறுத்துடி, தையல் பிரிஞ்சிடும்” என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நானும் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன்.

நானூறு பேருக்கு நடுவில் வந்ததை வந்தது என்று நீ சொன்னால் நான் நம்புகிறேன். எனக்குச் சாட்சி வேண்டாம். விலா எலும்பில் தெரிந்தது என்று எழுதினாயே, அது பொய் சொல்கிறவனுக்குத் தெரியாத இடம்.

டிசம்பரில் வருகிறோம். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. உகுலேலே உன்னிடமே இருக்கட்டும். எனக்கு ஒரு மாலை போடு, இந்தத் தடவை கழற்றமாட்டேன். அத்தையிடம் ஒன்றும் சொல்லாதே. இனிமேல் எல்லாக் குழந்தைக்கும் இருமு, வேறு வழியில்லை.

ஒரு சின்ன விஷயம். மூன்று மாதமாக எழுத நினைத்து, பாடம் நன்றாகப் போகிறதே என்று விட்டுவிட்டேன். அப்பா அந்தப் பாட்டை இப்போது நாம் பாடுவதைவிட ஒரு படி கீழேதான் கட்டினார். 1946-ல் சபை விழாவில் என் குரல் எவ்வளவு மேலே எட்டும் என்று நாலு பேருக்குக் காட்டுவதற்காக நான்தான் ஏற்றினேன். அப்புறம் யாரும் இறக்கவில்லை. அப்பாவின் சுருதியில் அந்த இடத்தில் வருவது ஏ மைனர். அதற்கு நடுவிரலை ஒரே ஒரு கம்பியில் வைத்தால் போதும்.

உன் அக்கா,
வயலட்